ப்ளூபெர்ரிக்குக் கட்டிய கம்பி

என் வீட்டுக்காரருக்கு எதையும் அடித்துத்தான் செய்யத் தெரியும். கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். சங்கராபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருடையது. ஒரு போல்ட் கழலவில்லை என்றால் சுத்தியலால் நாலு போடு போட்டு, அதைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான புதிதில் என் மேல் கை வைத்தார். அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தேன். அதன் பிறகு அவருடைய அடியெல்லாம் கதவுக்கும் சுவருக்கும் போய்விட்டது.

இப்படிப்பட்டவர் மாடியில் செடி வளர்த்தார் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் எங்கள் ஒரே மகளுக்காக. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள் ஒருநாள் போனில், "ப்ளூபெர்ரின்னு ஒரு பழம்பா, இன்னா ருசி தெரியுமா" என்று சொல்லிவிட்டாள். அவள் கேட்கவே இல்லை, சும்மா சொன்னாள். இவர் அடுத்த வாரமே நீல டிரம்களைப் பாதியாக அறுத்து மாடியில் வரிசையாக வைத்துவிட்டார்.

அது குளிர்நாட்டுச் செடி. மண் புளிப்பாக இருந்தால்தான் வேர் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரோ வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர். முதலில் வைத்தவை மஞ்சளாகிச் செத்தன. செத்த செடியைப் பிடுங்கித் தெருவில் வீசினார், டிரம்மை ஓர் உதை உதைத்தார், மறுபடி வாங்கி வந்தார். தென்னை நார்த்தூளும் சவுக்குச் சருகும் கலந்து நிரப்பினார். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தார். அது தீர்ந்தால் போர் தண்ணீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றினார். வெயிலுக்குப் பச்சை வலை கட்டினார். எனக்கு ஒரு மின்விசிறி மாட்டித் தர மூன்று கோடை எடுத்துக்கொண்ட மனிதர்.

செடி காய்த்த வருடம்தான் மகள் உண்டானாள். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். காய்கள் அப்போதுதான் பச்சையிலிருந்து நீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. "ஒருத்தரும் தொடக் கூடாது. மொதப் பழம் எம் பொண்ணுக்குத்தான்" என்றார் இவர். தொட்டால் கையை வெட்டிவிடுவேன் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கோடையில் மலையில் தண்ணீர் வற்றினால் குரங்குகள் எங்கள் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். அந்த வருடமும் இறங்கின. வலையைக் கிழித்தன, ஒரு டிரம்மைக் கவிழ்த்தன, பழுக்காத காயைக்கூடப் பறித்துக் கடித்துத் துப்பின. இவர் வெடி போட்டார், கவணில் அடித்தார், ஒரு கிழட்டுக் கடுவனின் முதுகில் செங்கல்லை எறிந்தார். அது நேராக என் மேல் பாய்ந்து முழங்கைக்குக் கீழே கடித்துக் குதறிவிட்டுப் போனது. கல் எறிந்தவர் இவர், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டவள் நான்.

மறுநாள் மாடியில் கம்பி இழுத்தார். எங்கள் பக்கத்தில் மக்காச்சோளக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் பன்றி வராமலிருக்கத் திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி கட்டுவார்கள். பன்றியும் சாகும், சில வருடம் மனிதரும் சாவார்கள். அந்த வித்தையைத்தான் இவர் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தார். டிரம்களைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டு, இடுப்பு உயரத்தில் கம்பி. சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே.

"தெனம் ஈரத் துணியோட மேல போறவ நானு. பொண்ணு வேற நெறமாசமா கீறா. அவுத்துடுங்க" என்றேன்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போ. கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் மேலே ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு பெண் குரங்கு கம்பியைப் பிடித்தபடி செத்துக் கிடந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. குட்டி அதன் மடியிலிருந்து தெறித்து விழுந்து, தள்ளி நின்று கத்தியது. நான் கீழே வந்து சுவிட்சை அணைப்பதற்குள் இன்னொரு குரங்கு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சத்தம் கேட்டுத் தெருக்காரர்கள் வருவதற்குள் இவர் கம்பியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. பழி அதன் மேல் விழுந்தது. குரங்கு செத்தால் எங்கள் ஊரில் மனிதச் சாவு போலத்தான். ஆஞ்சநேயர் என்று மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு, மேளத்தோடு எடுத்துப் போனார்கள். எங்கள் மாடியில் உயிர் விட்டதால் இவர்தான் பால் ஊற்றி முதல் மண் தள்ள வேண்டும் என்றார்கள். செய்தார். இளவட்டங்கள் நாலைந்து பேர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். இவரையும் உட்காரச் சொன்னபோது மட்டும், "வூட்ல பொண்ணு மாசமா கீறா, நான் மொட்ட அடிக்கக் கூடாது" என்று நழுவினார்.

திரும்பி வந்து குளித்தார். நேராக மாடிக்குப் போய் மறுபடி கம்பியைக் கட்டினார்.

"காலையிலதான சாமின்னு பாலு ஊத்துனீங்க?"

"பாலு ஊத்தறப்போ சாமி. பழத்தப் பறிச்சா கொரங்குதான்."

நான் கம்பியைப் பிடுங்கப் போனேன். தோளைப் பிடித்துத் தள்ளினார். கைப்பிடிச் சுவரில் போய் மோதினேன். மகள் கீழேயிருந்து, "இன்னாம்மா சத்தம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவர் அவளுக்காகக் கட்டியிருக்கிறார், அது அவளைத்தான் கொல்லப்போகிறது என்று அன்றே எனக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு அவளைத் தனியாகப் படியேற விடவில்லை.

பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையில் எங்கள் ஊரில் கரண்ட் போஸ்டிலேயே ஏறுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு நாளில், கரண்ட்தான் இல்லையே என்று சுவிட்சைத் தொடாமல் நானும் மகளும் மேலே போனோம். வெறுங்கால், ஈரத் தரை. நான் மூங்கில் கொம்பால் துணியைக் கொடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் டிரம் பக்கம் போய், "நல்லா பழுத்துடுச்சும்மா" என்று கம்பிக்கு மேலாகக் கையை நீட்டினாள். அதே நேரம் பக்கத்து வீட்டில் நிறுத்தாமல் விட்டிருந்த மிக்ஸி அலறியது.

கரண்ட் வந்துவிட்டது. வளையல் போட்ட கை கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. கத்தினால் திடுக்கிட்டுக் கையைக் கீழே போடுவாள். கொம்பைச் சுழற்றிக் கீழேயிருந்து அவள் மணிக்கட்டில் அடித்தேன், என் பலம் முழுவதையும் போட்டு. வளையல்கள் நொறுங்கின. கை மேலே தெறித்தது, அவள் பின்னால் சாய்ந்தாள், இன்னொரு கையால் இழுத்து என் மேல் போட்டுக்கொண்டேன். கண்ணாடி குத்திய இடமெல்லாம் ரத்தம். "ஏம்மா அடிச்ச?" என்று குழந்தையைப் போல அழுதாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். அவள் கையில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

அவள் காயத்தைக் கட்டிவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, அரிவாளோடு மேலே போனேன். கம்பியை அறுத்தேன். பிறகு ஒவ்வொரு செடியையும் அடியோடு வெட்டினேன். கை ஓயும் வரை டிரம்மையும் வெட்டினேன். சாப்பாட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு இறங்கினார். மகள் கட்டுப் போட்ட கையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருந்தப்போ கரண்ட் வந்துடுச்சுப்பா" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் சம்பந்தியம்மாள் மருமகளைப் பார்க்க வந்தார். கண் நேராக வலது கைக்குப் போனது. "இன்னா சம்பந்தி, ஒரு கை மூளியா கீது? நான் போட்ட வளையலு எங்க?"

"நான்தான் அடிச்சேன்" என்றேன். கம்பியைச் சொன்னால் குரங்கைச் சொல்ல வேண்டும். வாசலில் அண்டை வீட்டுக்காரர்கள் வேறு நின்றிருந்தார்கள்.

"புள்ளத்தாச்சிப் பொண்ண பெத்தவளே அடிப்பாளா? கெளம்பும்மா நீ. இந்த வூட்ல இனிமே ஒரு வேள தங்கக் கூடாது."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்தார். கதவை அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை.

"கம்பி கட்னவன் நானுங்க. அந்தக் கொரங்க சாவடிச்சவனும் நான்தான். இவ அடிக்கலன்னா, நேத்து எம் பொண்ணுக்கு மேளம் அடிச்சிருப்பாங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னார். வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சம்பந்தியம்மாள் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இவர் கூட்டத்துக்கு நடுவே இறங்கித் தெருவில் போனார்.

சாயங்காலம் மொட்டை அடித்துக்கொண்டு வந்து வெளியிலேயே நின்றார். குளிக்காமல் உள்ளே வரக் கூடாது. நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.