சக்கர நாற்காலிப் படங்களில் சிறுமி இல்லை

கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் கும்பளங்கிக்குச் சுற்றுலா போகிறோம் என்று மகளின் இரண்டாம் வகுப்பு டீச்சர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். வரும் குழந்தையின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு எமோஜி வைக்க வேண்டும். அந்த வகுப்பில் அப்படித்தான் வழக்கம். பட்டாம்பூச்சி, பந்து, மாம்பழம், இரண்டு பூனை என்று பட்டியல் நீண்டது.

என் மகளின் பெயருக்கு நேரே, நீலக் கட்டத்துக்குள் வெள்ளையாக இருக்கும் சக்கர நாற்காலிக் குறியை வைத்தேன். பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும், முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான். மூன்று முறை அழித்து, நான்காவது முறை அனுப்பினேன். அதன் பிறகு பட்டாம்பூச்சிகள் வரவில்லை. கும்பிடும் கைகள் வந்தன. அழுகிற முகங்கள் வந்தன. "பாவம் மோளு" என்று ஒரு அம்மா என் மகளுக்காக மலையாளத்தில் எழுதினாள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

சாயங்காலம் மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது நான் இல்ல. இது ஆஸ்பத்திரி பாத்ரூம் கதவுல இருக்கறது."

"டிரைவர் சேட்டனுக்குத் தெரியணுமில்லையா, செல்லம்?"

"சேட்டனுக்கு என்னைத் தெரியும். இதுக்கு மூஞ்சியே இல்ல."

அவளிடம் கேட்டிருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

முகம் உள்ள படமாகத் தேடினோம். கையால் சக்கரத்தை உருட்டும் ஆண் இருந்தார், பெண் இருந்தாள். மோட்டார் நாற்காலியில் போகிறவர்களும் இருந்தார்கள்.

"குட்டிப் பொண்ணு எங்கம்மா?"

விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லோரும் பெரியவர்கள்.

"இல்லடா."

அவள் மோட்டார் நாற்காலிப் பெண்ணைத் தொட்டாள். "அப்ப இது. ஆரும் தள்ளண்டா, தானே போகும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெருசானா நான் இப்படி இருப்பேனா?" என்றாள்.

அவளுடைய தசைகள் வருடத்துக்கு வருடம் தளர்ந்து வருகின்றன. எத்தனை வயது வரை என்று நான் கேட்டபோது, "இப்போதைக்கு அதை யோசிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். நான் வேறெதையும் யோசிப்பதில்லை.

"ஆமா," என்றேன். "முடி இன்னும் நீளமா இருக்கும்."

பழைய குறியை அழித்துவிட்டு அந்தப் பெண்ணை வைத்தேன். முன்பு வந்த கும்பிடும் கைகள் மட்டும், எதற்கென்று தெரியாமல், அங்கேயே நின்றன.

சற்று நேரத்தில் கொச்சங்காடிக் கிடங்கில் வேலையாக இருந்த கணவர் கூப்பிட்டார். அவருடையது பழைய போன். புதிய படங்கள் அதில் முழுதாக வராது.

"குரூப்புல என்ன போட்டே? ஒரு பொம்பளை தலை, பக்கத்துல காலிக் கட்டம் வந்திருக்கு."

ஸ்பீக்கரில் கேட்ட மகள் சிரித்தாள். "அப்பா, அது நானாக்கும். பெருசானப்புறம்."

மூட்டை இறக்கும் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது கேட்டது.

"கட்டத்துக்குள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் வண்டி. உங்களுக்குத் தெரியலையா?"

"இந்த போன்ல தெரியல, கண்ணு. வீட்டுக்கு வந்து அம்மா போன்ல பாக்கறேன்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.