ஒரே வண்டியில் அமிர்திக்கு

சவுரியம்மாளும் அவள் ஓரகத்தி நிஷாவும் ஆம்பூரில் ஒரே வாசலில் எதிரெதிராகக் குடியிருந்தார்கள். போன வருடம் வரை நான்கு வருடம் பேச்சு கிடையாது. குழாயடியில் ஒருத்தி குடம் வைத்திருந்தால் மற்றவள் பாதியில் திரும்பிவிடுவாள். இவள் துணி காயவைத்தால் அவள் அன்றைக்குத்தான் மிளகாய் வறுப்பாள்.

பகை அந்த வாசலில் தொடங்கவில்லை. சவுரியம்மாள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மிஷினில் இருந்தாள். நிஷாவின் புருஷன் பிரேம்நாத் அதே கம்பெனி ஆபீசில் ஆட்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தான். சவுரியம்மாளின் புருஷன் வேலுவுக்குக் கூடப் பிறந்த தம்பி. ஒரு மே மாதத்தில் மின்விசிறி ஓடாத ஹாலில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் அவளை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு லைனை ஓட்டச் சொன்னான். சவுரியம்மாள் மிஷினை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். மேனேஜர் வந்து இது யார் என்று கேட்டபோது பிரேம்நாத் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க அண்ணிதான் சார். வீட்லயும் இப்டித்தான். சண்ட போடலன்னா தூக்கம் வராது."

ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அது அவளுக்குப் பெரிதில்லை. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வாசலில் நின்று அவனை வாயில் வந்தபடி ஏசினாள். நிஷா புருஷனுக்குப் பரிந்து வெளியே வந்தாள். இருவரும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அதோடு முடிந்தது.

பிள்ளைகளுக்கு மட்டும் இந்தச் சண்டை ஒட்டவில்லை. சவுரியம்மாளின் மகள் தமிழினியும் நிஷாவின் மகன் ஹேமந்தும் எந்நேரமும் ஒன்றாகவே திரிந்தார்கள். போன வருடம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இரண்டு பேரும் வேலுவைப் பிடித்துக்கொண்டார்கள். அமிர்திக்குப் போகவேண்டும், மான் பார்க்கவேண்டும், அருவியில் குளிக்கவேண்டும்.

வேலுவிடம் குட்டியானை வண்டி இருந்தது. தோல் மண்டியிலிருந்து சரக்கு ஏற்றுவான். அதிகம் பேசாத ஆள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவி, பாய் விரித்து, தார்ப்பாய் கட்டிவிட்டு, வாசல் நடுவில் நின்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சொன்னான்: "வண்டி ஒண்ணுதான். வர்றவங்க ஏறுங்க."

யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டில் தங்கினால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள்.

பிரேம்நாத் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பின்னால் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில். வேலூர் தாண்டும் வரை நிஷா மூக்கில் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"பச்சத்தோலு நாத்தம் எத்தன தண்ணி ஊத்துனாலும் போவாது," என்றாள் மகனிடம்.

"அந்தத் தோலு ஷூவானாதான் ஆபீசுல சம்பளம் போட்றாங்க," என்றாள் சவுரியம்மாள் மகளிடம்.

அமிர்தியில் இரண்டு பாய்கள் இரண்டு மரத்தடியில் விரிந்தன. சவுரியம்மாள் கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிவந்திருந்தாள். நிஷா தக்காளி சாதமும் சிப்ஸும் கொண்டுவந்திருந்தாள். ஹேமந்த் பெரியம்மா பாயில் உட்கார்ந்து குழம்பை வழித்துச் சாப்பிட்டான். நிஷா காதைப் பிடித்து இழுத்துப்போனாள். கோடையில் அருவி கயிறு மாதிரிதான் விழுந்தது. அதன் கீழே பிள்ளைகள் முறைபோட்டு நின்றார்கள். மானைப் பார்த்தார்கள். மயில் கூண்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நாள் அப்படியே முடிந்திருந்தால் யாருக்கும் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

திரும்பும்போது, கணியம்பாடிக்கு முன்னால், சாலையோர மேட்டில் களாச்செடிகள் அடர்ந்திருந்ததை நிஷாதான் முதலில் பார்த்தாள். "மாமா, நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவள் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். முள்ளை ஒதுக்கிக் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிச் சிரித்தாள். நான்கு வருடத்தில் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை என்று சவுரியம்மாளுக்குத் தோன்றியது. அதுவும் எரிச்சலாகவே இருந்தது. ஆனாலும் மகளோடு இறங்கி, இன்னொரு செடியில் பறிக்கத் தொடங்கினாள். காம்பின் பால் விரலில் பிசுபிசுத்தது. கை முழுக்க முள் கீறியது. பை பாதிக்கு மேல் நிறைந்தது.

அப்போதுதான் பைக்கில் ஒருவன் வந்தான். நல்ல வெள்ளைச் சட்டை.

"யாரக் கேட்டு பறிக்கிறீங்க?"

"வேலி கீலி இல்லியே. காட்டுச் செடிதான?" என்றாள் சவுரியம்மாள்.

"பட்டா நெலம். எந்த ஊரு நீங்க? எந்தத் தெரு?"

அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று அவளுக்குத் தெரியும். "ஊரு ஆம்பூரு. தெரு இன்னாத்துக்கு ஒனக்கு? விருந்துக்கு வரப்போறியா?"

அவன் தமிழினி கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தான். பிள்ளை விடவில்லை. பை கிழிந்து கொஞ்சம் பழம் சிதறியது.

பிரேம்நாத் ஓடிவந்தான். சவுரியம்மாள் ஒரு கணம், இப்போதாவது, என்று நினைத்தாள்.

"சாரி சார், சாரி. நான் கம்பெனில ஆபீசர். இவங்க படிக்காதவங்க, சொன்னா கேக்கமாட்டாங்க. இந்தம்மா எங்க போனாலும் இப்டித்தான் சார்."

அதே சிரிப்பு.  சவுரியம்மாளுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் யாரும் அவளை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதருக்குப் பின்னாலிருந்து நிஷா வந்தாள். முந்தானையில் பழம்.

"மொதல்ல பறிச்சது நான். வண்டிய நிறுத்தச் சொன்னதும் நான். படிச்சவதான், பி.எஸ்சி. இன்னா கேக்கணுமோ என்னக் கேளு. கொழந்த கைய இன்னாத்துக்கு புடிச்சி இழுக்கற?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் பறிக்கறத நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க?"



"எவ பறிச்சா இன்னா, கொட்டிட்டுப் போங்க," என்றான் வெள்ளைச் சட்டைக்காரன்.

சவுரியம்மாள் கிழிந்த பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்புறம் செருப்புக் காலால் மிதித்தாள். ஒரு பழம் பாக்கியில்லாமல், மண்ணோடு மண்ணாகக் குழையும் வரை மிதித்தாள்.

"இந்தா, எடுத்துக்கோ."

"எனக்கு வேணும்மா, எனக்கு வேணும்," என்று தமிழினி அழுதாள். அந்த அழுகை அவளுக்குக் கேட்டது. கேட்டும் காலை நிறுத்த முடியவில்லை. வேலு வந்து தோளைப் பிடித்து அழைத்துப்போய் வண்டியில் ஏற்றினான்.

கணியம்பாடி பஸ் நிறுத்தம் வந்ததும் சவுரியம்மாள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். வண்டி நின்றது.

"ஒன் தம்பிய எறங்கச் சொல்லு. இல்ல, நான் எறங்கறேன்."

வேலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தம்பியிடம், "பஸ்ல வந்துடுடா," என்றான்.

பிரேம்நாத் இறங்கிப் பின்னால் வந்து மனைவியைப் பார்த்தான். "வா."

"கொழந்த தூங்கறான்," என்றாள் நிஷா. ஹேமந்த் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான். வண்டி கிளம்பிவிட்டது.

வெகுதூரம் போனபின் நிஷா சொன்னாள்: "உங்களுக்காகப் பேசுனேன்னு நெனச்சிக்காதீங்க."

"யாரு நெனச்சா?"

"அன்னிக்கி வாசல்ல எங்கம்மாவ இழுத்துப் பேசுனீங்க. அத நான் மறக்கல."

"நீ எங்கப்பன பேசுன. நானும் மறக்கல."



அடுத்த வாரமே சவுரியம்மாளைத் தைக்கும் மிஷினிலிருந்து எடுத்துப் பசை ஒட்டும் பகுதிக்குப் போட்டார்கள். நாள் முழுக்க நாற்றம். சாயங்காலம் தலை வெடித்தது. யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். போய்க் கேட்கவில்லை. நிஷா தன் வீட்டில் கேட்டாள். அந்தச் சத்தம் வாசல் தாண்டிக் கேட்டது. அதனால் ஒன்றும் மாறவில்லை. சவுரியம்மாள் இன்னும் பசைதான் ஒட்டுகிறாள்.

இந்த வருடம் லீவு விட்டதும், நிஷா குழாயடியில் நின்றுகொண்டு, குடத்தைப் பார்த்தபடி, "புள்ளைங்கள ஏலகிரிக்கு கூட்டிப்போறேன். பஸ்லதான். வர்றதுன்னா வாங்க," என்றாள்.

"கருவாடு கட்டிக்கினுதான் வருவேன்."

"எங்கூட ஒக்காரக்கூடாது அப்ப."

பெண்கள் இருவரும் பிள்ளைகளோடு போனார்கள். ஆண்களைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை வந்தது. படகுத்துறையில் இன்னொரு சண்டை. ஓரகத்தியைப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் சவுரியம்மாள் இப்போதும் காறித்தான் துப்புவாள்.