நேர்ஸ் அம்மா திறக்கச் சொன்ன ஜன்னல்

ரிக்‌ஷா ஏறாத எங்கள் அம்பிட்டிய மேட்டுக்கு இன்று காலை, மார்கழிப் பனியில் நடந்தே வந்தார் யாழ்ப்பாணத்து நேர்ஸ் அம்மா.

சில நாட்களாக இருமிக்கொண்டிருந்த எங்கள் குழந்தையின் நெஞ்சைச் சோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு மூடிக் கிடந்த ஜன்னலைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் காத்து வேணும். குளிரெண்டாலும் திறந்து விடுங்கோ."

என் மனைவி உடனே திறந்தாள். உள்ளே புகுந்த குளிரில் நேர்ஸ் அம்மா அடுத்தடுத்துத் தும்மினார்.

"முதல்ல இதைக் குடிங்க மிஸ்ஸி" என்று சூடான கொத்தமல்லித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மனைவி ஜன்னலை மூடினாள்.

அவர் தடுக்கவில்லை. கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் போனாப்பிறகு திறவுங்கோ."

மேட்டுக்குக் கீழே இருக்கும் உங்களுக்கு இதை எழுதக் காரணம், அடுத்து அவர் உங்கள் தெருவுக்குத்தான் வருகிறார். உங்கள் வீட்டு ஜன்னல் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லியனுப்புங்கள்.