பழைய பம்பே போதும்

பட்டறையில் அவருக்குப் பெயர் கேஜ்காரர். அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைப்பதற்கு முன் தெர்மாமீட்டரைத் தேடுகிற ஆள். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் வண்டிக்காரர்கள் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை பேச மாட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் கேஜ் முள் காட்டியதைக் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னார். அதுவும் கூடப்பிறந்த தங்கைக்காக.

தங்கை புருஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேச மாட்டார், பாவம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள். பழைய கார் ஒன்றை வாங்கி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போவைப் பெரிதாக மாற்றி, ஞாயிறு தவறாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட நின்று ஸ்பேனர் பிடித்தது கேஜ்காரரேதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் மட்டும் பழையது. பெரிய பம்ப் போட்டால் காற்றின் அழுத்தத்தை இன்னும் ஏற்றலாம் என்று வாத்தியாருக்கு ஆசை. ஆசை யாரை விட்டது? காற்று ஏறினால் பெட்ரோலும் அதற்குத் தக்கபடி ஏற வேண்டும். ஏறாவிட்டால் உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிப்போகும். பம்பை மாற்றுவதா வேண்டாமா என்பதை மச்சானே அளந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் வாத்தியார்.

மறுநாளே தங்கை பட்டறைக்கு வந்து நின்றாள். வயிற்றில் ஏழு மாதம்.

“அண்ணா, அந்தப் பம்ப மட்டும் மாட்டிக் குடுத்துடாத. மாட்டினா இன்னும் வேகமாத்தான் போவாரு. நான் சொல்லி அவரு கேக்க மாட்டாரு. நீ சொன்னாதான் கேப்பாரு.”

அந்த ஞாயிறு பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, முள் தெரியும்படி முன்கண்ணாடியில் ஒட்டினார்கள். பாலத்தின் ஏற்றத்தில் வாத்தியார் காரை விரட்டினார். ஓட்டுபவன் கண் ரோட்டில் இருக்க வேண்டும். முள்ளைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவன் வேலை. முள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து, கடைசி மிதியில் நடுங்கிச் சரிந்தது. இன்றைய காற்றழுத்தத்துக்கே அந்தப் பம்ப் மூச்சு வாங்கியது. ஒரு பொட்டு கூட்டினாலும் ஆபத்து.

“என்ன மச்சான் சொல்லுது?”

“பழைய பம்பே போதும் மாப்ள.”

புதுப் பம்ப் வராவிட்டால் அழுத்தமும் ஏறாது, வேகமும் இத்தோடு நிற்கும் என்று நினைத்தார் மனுஷன். ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? முழுகித்தான் போனது. பம்ப் போதும் என்று கேஜ்காரரே சொன்ன பிறகு வாத்தியாருக்கு என்ன பயம்? மூன்றாம் நாள் தன் கையாலேயே டர்போவின் காற்றழுத்தத்தை ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குக் காட்டி அசத்தணும் என்று உடன் வேலை பார்க்கும் டிராயிங் மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடம் போகிற வழியில், முன்னால் போன லாரியை முந்துவதற்கு முழு மிதி மிதித்திருக்கிறார். பாதி முந்தும்போது இன்ஜின் செத்தது. எதிரே பஸ்.

போலீஸ் அதிவேகம் என்று எழுதிக்கொண்டது. நொறுங்கிக் கிடந்த காரைப் பார்க்க கேஜ்காரர் தனியாகப் போனார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே உள்ளே டார்ச் அடித்தார். மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான்டா கொன்னேன் என்று வாய்விட்டு அழுதார். கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

தங்கையிடம் சொல்லாமல் இருந்தால் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. ஒரு மாதம் தள்ளிப்போட்டு, ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனார். படியேறும்போதே சொல்ல வேண்டிய வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டார். துரும்பாய் இளைத்து, வயிறு மட்டும் முன்னால் நிற்க, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்ட சோறு ஆறிக் கிடந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை என்று மாமியார் முறையிட்டார்.

அவர் தொண்டையைச் செருமினார். அவள் முந்திக்கொண்டாள்.

“எல்லாரும் அவர ஏத்திவிட்டுத்தாண்ணா கெடுத்தாங்க. நீ ஒருத்தன்தான் நான் சொன்னத கேட்டு அந்தப் பம்ப மாட்டாம விட்ட. எனக்கு இனிமே நம்ப உன்ன விட்டா யாரு இருக்கா?”

வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார். தட்டை அவள் பக்கம் நகர்த்தி, சாப்பிடும்மா என்றார். அண்ணன் சொல்லிவிட்டாரே என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து, அவள் கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.