விஸ்வகர்மா பூஜைக்காக நான் துடைத்த .config

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், எங்கள் கம்பெனியின் இரண்டு வருட உழைப்பை ஒரே கட்டளையில் அழித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நானாகவே செய்தேன். இன்று கெர்னல் பக்கம் நான்தான் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நான் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

1. சுத்தம்

கல்கத்தாவில், காளிகாட்டில் ஒரு சந்துக்குள் எங்கள் பட்டறை. தேயிலை தரம் பிரிக்கும் மெஷின் செய்கிறோம். மேலேயிருந்து தேயிலை கொட்டிக்கொண்டே இருக்கும், கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். இலைக்கு நடுவே காம்பு வந்தால் ஒரு சின்ன நாசில் ‘புஸ்’ என்று காற்றடித்து, காம்பை மட்டும் ஓரத்துப் பெட்டிக்குத் தள்ளிவிடும். பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்கூடக் கிடையாது.

இதையெல்லாம் நடத்துவது உள்ளே இருக்கும் லினக்ஸ். அதன் மையப் பகுதியான கெர்னலை நாங்களே கம்பைல் செய்வோம். கம்பைல் செய்யுமுன் கெர்னல் ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. y என்றால் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். n என்றால் கிடையாது. m என்றால் தனி மாட்யூலாகப் பக்கத்தில் இருக்கும், வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் பதில்கள் அத்தனையும் .config என்ற ஒரே கோப்பில் இருக்கும்.

எங்கள் .configஐ உருவாக்கியவர் சுபீர்-தா. வங்காளத்தில் தா, தாதா என்றால் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது, எந்நேரமும் தோளில் ஜோல்னாப்பை, மதியம் மூன்று மணிக்கு முறுக்கு. லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து நான்தான் வாங்கிப் போவேன். காற்று சரியான நொடியில் அடிக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பதிலையும் மாற்றி மாற்றி இரண்டு வருடம் சோதித்திருந்தார். என்னை ‘பித்யா’ என்பார். வித்யா என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வங்காளத்தில் நம் ஆயுத பூஜை மாதிரி விஸ்வகர்மா பூஜை. அதற்கு முந்திய நாள் காலை, முதலாளி மணி சார் பட்டறை நடுவில் நின்று உத்தரவு போட்டார். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். என்னோடு மட்டும் தமிழ்.

“வித்யா, நாளைக்குப் பூஜை. பையன்கள்லாம் மெஷினைத் துடைச்சிண்டிருக்கா. நீயும் உன் பக்கத்தைப் பளபளன்னு வெச்சுடும்மா.”

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மிக்ஸியின் அடிப்பாகத்தைக்கூடக் கழற்றித் துடைப்பார்கள். எனக்குச் சொல்லவா வேண்டும்? கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். மானிட்டருக்குப் பின்னால் ஒட்டடை அடித்தேன். அப்புறம் கெர்னலைக் கம்பைல் செய்யும் பில்ட் மெஷினின் டிஸ்க்கைப் பார்த்தால் அது நிரம்பி வழிந்தது. கெர்னல் இருந்த ஃபோல்டரில் பழைய கம்பைல் குப்பை கூடைகூடையாகக் கிடந்தது. அதைத் துடைக்க make clean என்று ஒரு கட்டளை உண்டு. அதைவிட நன்றாகத் துடைக்க make mrproper என்று ஒன்று உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். பூஜையும் அதுவுமாக அரைகுறையாகத் துடைப்பானேன் என்று இரண்டாவதையே போட்டேன். டிஸ்க் அப்படியே காலியாயிற்று. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

2. நல்ல பெட்டியில் காம்பு

மதியம் மணி சார் ஒரு செய்தியோடு வந்தார். அஸ்ஸாமில் ஒரு பெரிய தோட்டத்தின் மேனேஜர், பருவா என்று பெயர், பூஜைக்கு மறுநாள் நேரில் வருகிறார். தன் தோட்டத்துத் தேயிலையை மூட்டையோடு கொண்டுவந்து எங்கள் டெமோ மெஷினில் கொட்டிப் பார்ப்பார். பிடித்தால் ஆறு மெஷின். பிடிக்காவிட்டால் அன்றே வேறொரு கம்பெனிக்குப் போய்விடுவார். அந்த ஆர்டர் வராவிட்டால் குளிர்காலத்தில் பட்டறையில் பதினோரு பேருக்கும் வேலை இருக்காது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“புதுக் கேமரா மாட்டியாச்சு. அதுக்குக் கெர்னல்ல ஒரு வரி மாத்தணுமாமே? சுபீர் கண் டாக்டர்கிட்டே போயிருக்கார். நீயே பண்ணிடறியா?”

பண்ணிவிடுகிறேன் என்றேன். ஃபோல்டரைத் திறந்தால் .config இல்லை. உடனே பயந்திருக்க வேண்டும். நானோ கெர்னலே ஒரு பொது .config உண்டாக்கித் தரும் என்பது ஞாபகம் வந்து, அதையே எடுத்துக் கேமரா வரியை மாற்றிக் கம்பைல் செய்தேன். டெமோ மெஷினில் பழைய கெர்னல் மேலேயே புதியதைப் போட்டும் விட்டேன். பூட் ஆயிற்று. கேமராவில் படம் தெரிந்தது. எனக்கு நானே ஒரு டீ சொல்லிக்கொண்டேன்.

டீ வருவதற்குள் சுபீர்-தா வந்துவிட்டார். ஒரு முறம் தேயிலையைக் கொட்டினோம். காம்பு வந்தது, கேமரா பார்த்தது, காம்பு நிதானமாகத் தாண்டிப் போனது, அதற்கப்புறம் ‘புஸ்’. பின்னால் வந்த நல்ல இலை குப்பைக்குப் போயிற்று. அரை நிமிடத்தில் நல்ல பெட்டி முழுக்கக் காம்பு, குப்பைப் பெட்டியில் முதல் தரத் தேயிலை. பட்டறைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுபீர்-தா சிரிக்கவில்லை.

“இது என் கெர்னல் இல்லை” என்றார். அவர் பேசுவது வங்காளம், நான் தமிழில் எழுதுகிறேன். “என் .config எங்கே?”

தேடினோம். சோர்ஸ் முழுவதும் கிட் (git) என்ற பதிவுக் கிடங்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை ஏற்காதே என்று கெர்னலின் கிட்டுக்கு முதலிலிருந்தே உத்தரவு. ஆகவே .config மட்டும் அதில் ஏறியதே இல்லை. சுபீர்-தா தன் லேப்டாப்பில் தேடினார், பென் டிரைவ்களில் தேடினார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“நான்தான் எங்கேயோ நகர்த்தி வெச்சிருக்கேன், மணி-பாபு. போன வாரம் மெட்ரோவில் குடையை விட்டுட்டு வந்தேன். அதுக்கு முந்தின வாரம் வீட்டுச் சாவி. எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. இப்போ அவனுக்கு என் பேரே தெரியாது.”

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் make help என்று அடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். mrproper என்ற வரிக்கு எதிரே பளிச்சென்று போட்டிருந்தது: உண்டாக்கிய எல்லாக் கோப்புகளையும் நீக்கும், அதோடு கான்ஃபிகையும் நீக்கும்.

அடித்த கட்டளைகளெல்லாம் பதிவாகும் ஷெல் ஹிஸ்டரியைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சேர்ந்து மூன்று மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாளைக்கு எப்படியும் கிடைத்துவிடும், அப்புறம் எதற்குச் சொல்வானேன் என்று கணக்குப் போட்டேன். வெட்கக்கேடான கணக்கு.

3. தாராதலா கோடௌன்

பழைய கெர்னலுக்குள்ளேயே .configஐ வைத்த ஞாபகம் என்று அன்று மதியமே சுபீர்-தா சொன்னார். அந்தக் கெர்னலோடு ஓடும் எங்கள் மெஷின் ஊருக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாராதலாவில் ஒரு தேயிலை கோடௌன். மறுநாள் காலை மணி சார், சுபீர்-தா, நான் மூவரும் டாக்ஸியில் கிளம்பினோம். பூஜை நாள் வழக்கப்படி மொட்டை மாடிகளில் எல்லாம் காற்றாடி. யாருடையதாவது அறுந்தால் ‘போ-காட்டா!’ என்று தெருவே கத்தியது.

கோடௌனில் பூஜை நடந்துகொண்டிருந்தது. எங்கள் மெஷினுக்குச் சாமந்தி மாலை, கண்ட்ரோல் பெட்டிக்குச் சிந்தூரப் பொட்டு. தலைமை மிஸ்திரி ஹாராதன்-தா குறுக்கே வந்து நின்றார்.

“இன்னிக்கு மெஷின் மேலே கை வைக்கக் கூடாது, தாதா. வருஷத்துல ஒரு நாள் அதுக்கு லீவு. உங்க ஆபீஸ்ல லீவு நாள்ல உங்களை எழுப்பினா ஒத்துப்பீங்களா?”

“பெல்ட்டை ஓட்ட மாட்டோம். கம்ப்யூட்டர்கிட்டே ஒரே ஒரு விஷயம் கேட்கணும்” என்றார் சுபீர்-தா.

ஹாராதன்-தா யோசித்தார். வேலை வாங்குவது வேறு, விசாரிப்பது வேறு என்று தீர்ப்பு சொன்னார். பூப்போட்டுக் கும்பிடும் அஞ்சலி முடியும்வரை காத்திருந்தோம். பிறகு அவரே மாலையை ஒதுக்கிக் கேபிளைச் சொருக இடம் கொடுத்தார்.

ஓடும் கெர்னலுக்குள்ளேயே அதன் .configஐப் பொதிந்து வைக்க ஒரு வசதி உண்டு. அப்படி வைத்திருந்தால் /proc/config.gz என்ற பெயரில் அது தெரியும். சுபீர்-தா அதைத் தேடினார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது மெஷின். மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை.

“உள்ளே வெச்சேன்னு நல்லா ஞாபகம் இருந்தது, பித்யா. இதுவும் பொய்யா? அப்போ என் தலை அவ்வளவுதான்” என்றார்.

ஹாராதன்-தா எட்டிப் பார்த்தார். “மெஷின் பேசலையா? யாரோ அதுக்குத் தப்பு பண்ணியிருக்கீங்க. விஸ்வகர்மா பாபாகிட்டே மன்னிப்புக் கேட்டுட்டு வந்து கேளுங்க.” பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சுபீர்-தா நிஜமாகவே எழுந்து, விஸ்வகர்மா சிலை முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய் அவர் பக்கத்தில் நின்றேன். அப்போதும் தைரியம் அரைகுறைதான், ஆகவே தமிழில் சொன்னேன். “சாமி, அவர் ஒண்ணும் பண்ணலை. நான்தான் mrproper போட்டு அழிச்சேன். நேத்து மத்தியானமே எனக்குத் தெரியும். பயத்துல சொல்லலை.”

பின்னால் ஒரு தொண்டை கனைப்பு. மணி சார், இரண்டு கையிலும் பிரசாதமான அரிசி பருப்புக் கிச்சுரித் தட்டோடு. தமிழ் தெரிந்த ஒரே ஆள் அங்கே நிற்பதை நான் மறந்தே போனேன்.

“சாமிக்குச் சொன்னது சரி. இப்போ அதையே சுபீருக்குப் புரியற பாஷையில சொல்லு” என்றார்.

சொன்னேன். அழுகையும் வங்காளமும் கலந்து வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். சுபீர்-தா என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை.

“நான் தொலைக்கலையா? நிஜமா நான் தொலைக்கலையா? ராத்திரி பூரா என் மனைவிகிட்டே டாக்டரைப் பத்திப் பேசிட்டிருந்தேன், போகா மேயே!” முட்டாள் பெண்ணே என்று அர்த்தம். அவ்வளவு பாசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “இரு. நான் தொலைக்கலைன்னா, என் ஞாபகம் சரின்னா, உள்ளே வெச்சதும் சரிதான். வெச்சேன். மெமரி மிச்சம் பிடிக்கணும்னு y போடலை. m போட்டேன்!”

ஓடினோம். அந்த .config தனி மாட்யூலாக, யாரும் ஏற்றாமல், ஓரமாக உட்கார்ந்திருந்தது. அதை ஏற்ற modprobe configs என்று அடித்தார். இந்த முறை /proc/config.gz இருந்தது. நான் அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். நான்காவதாகவும் எடுக்கப்போனபோது சுபீர்-தா கையைத் தட்டிவிட்டார். ஹாராதன்-தா மாலையைப் பழையபடி சரிசெய்தார். மணி சார் எனக்கும் ஒரு தட்டுக் கிச்சுரி வாங்கிக் கொடுத்தார். ஆறிப் போயிருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அன்று ராத்திரியே அந்த .configஇல் கேமரா வரியை மாற்றிக் கம்பைல் செய்து டெமோ மெஷினில் போட்டோம். மறுநாள் பருவா மூட்டையோடு வந்தார். நல்ல பெட்டியில் கையை விட்டு அள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கண்ணைச் சுருக்கிக் காம்பு தேடினார். கிடைக்கவில்லை. இன்னொரு பிடி அள்ளினார். பிறகு, “எப்போது அனுப்புவீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

4. எங்கே வைப்பது

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது சிலதான். .configஐப் புள்ளி இல்லாத வேறு பெயரில் கிட்டில் ஏற்றுங்கள். கெர்னலுக்குள் பொதியும் வசதிக்கு y போடுங்கள், மிச்சம் பிடிக்கும் மெமரி ஒரு டீக்குக்கூடக் காணாது. மெஷின் அனுப்பும்போதெல்லாம் அதன் .configக்கு ஒரு காப்பி நம்மிடம் இருக்கட்டும். எந்த வரிக்கு ஏன் அந்தப் பதில் என்பதைப் பக்கத்திலேயே ஒரு கோப்பில் எழுதுங்கள். தொலைந்த .config திரும்பக் கிடைத்தாலும் அந்த ‘ஏன்’ அதில் இருக்காது. எங்களுக்காக சுபீர்-தா ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் சொன்னார், நான் எழுதினேன். ஒரு பதில்கூட அவருக்கு மறந்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் கேட்டுப் போன் செய்தால் வரி எண்ணோடு சொல்கிறார்.

இதெல்லாம் தேடினால் எங்கும் கிடைக்கும். நான் அன்று கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தப்பு செய்தால் சொல்லிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்ல பெயர் கிடைக்கும் என்பதற்காக. அதற்காக மட்டும் இல்லை. நாம் செய்ததற்கு இன்னொருவர் ‘என் தப்புதான்’ என்று சொல்லும்போது நாம் பேசாமல் இருந்தால், அவர் தனக்குத் தெரிந்ததையும் நம்பாமல் போய்விடுகிறார். எங்கள் .config எங்கே இருக்கிறது என்று சுபீர்-தாவுக்கு முதல் நாள் மதியமே தெரியும். நான் வாயைத் திறக்கும்வரை அந்த m அவருக்கே ஞாபகம் வரவில்லை.