கேப்டனுக்குக் கண்ணாடி

என் அக்காவுக்கு ஒரு கேப்டன் உண்டு. இது அத்தானுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் சிரித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்தக் கேப்டன் ஒரு டிவி தொடரில் வந்தவர், அதுவும் கடைசிப் பகுதியில் கடலில் விழுந்து செத்துப்போனவர் என்பதுதான்.

தொடரை எடுத்தவர்கள் அவரைக் கொன்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அக்காவால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு போனை எடுத்து, கேப்டனை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றிக் கரை சேர்த்து, கதையை அவளே தொடர ஆரம்பித்துவிட்டாள். இப்படிப் பிடித்த தொடர்களுக்கு மேற்கொண்டு கதை எழுதுகிறவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. அங்கே அவள் பெயர் உப்புக்காற்று. கடலை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறோம். நான் முன்னால் நின்று ஃப்ரேம்களை எடுத்துக் காட்டி, "உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு" என்று எல்லா முகத்துக்கும் சொல்லுவேன். அக்கா பின்னறையில். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை மழுக்கி, பொருத்தித் துடைத்து வைப்பது அவள் வேலை. அந்த அறையில் ஒரு மெஷின், ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல். கதை எழுதுவது மதிய இடைவேளையில், அதே ஸ்டூலில். மெஷினிலிருந்து தெறித்த தண்ணீர் போன் திரையில் எப்போதும் புள்ளிபுள்ளியாக இருக்கும்.

அத்தான் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகள் வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள். அக்காவுக்குப் பேச்சுத்துணை என்றால் அவளுடைய வாசகர்கள் பதினொரு பேர்தான். நான் இருக்கிறேன், உண்மைதான். ஆனால் கதை என்றால் எனக்குக் கொட்டாவி வரும். அந்தப் பதினொரு பேரில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. குடைக்கம்பி, பாதித்தூக்கம், ஈரத்துண்டு என்று வாய்க்கு வந்த பெயர்களில் எழுதுவார்கள். குடைக்கம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. பாதித்தூக்கம் பரீட்சையில் தேறியபோது எங்கள் கடை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். யாருக்காக என்று முதலாளி கேட்டதற்கு, "சொந்தக்காரப் பொண்ணு" என்றாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கதை நின்றுபோனது. எவனோ ஒருவன், அதுவரை எட்டிப் பார்க்காதவன், வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போனான்: "அடுத்தவங்க பெத்த பிள்ளைக்குச் சட்டை தைக்கிறீங்களே, சொந்தமா ஒண்ணு பெத்துக்க வக்கில்லையா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கையில் கிடைத்திருந்தால் கண்ணாடியே போட முடியாதபடி காதைத் திருகியிருப்பேன். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லி அனுப்பு, அக்கா" என்றேன். பதினொரு பேர் சொன்ன நல்ல வார்த்தை ஒரு தட்டிலும், அந்த ஒருவனுடைய வார்த்தை இன்னொரு தட்டிலும் இருக்க, அவள் மனம் அவன் பக்கமே சாய்ந்தது. கதையும் தோதாக முட்டுச்சந்தில் நின்றிருந்தது. முப்பது வருஷம் கப்பல் ஓட்டிய கேப்டன், எதிரில் நின்ற கலங்கரை விளக்கத்தைக் கவனிக்காமல் பாறையை நோக்கிப் போகிறார். ஏன் கவனிக்கவில்லை என்று எழுதியவளுக்கே தெரியவில்லை. நாலு மாதம் கேப்டன் அப்படியே நின்றார். வாசகர்கள் விசாரித்து எழுதிய எதையும் அக்கா திறந்தே பார்க்கவில்லை.

ஒரு மதியம் என்னிடம் வந்து, "இனிமே எழுதறதில்லடீ. இன்னிக்குச் சொல்லிடப் போறேன்" என்றாள்.

"அப்புறம் யார்கிட்டப் பேசுவே?"

"உன்கிட்டதான்."

எனக்கே என்னை நினைத்துப் பாவமாக இருந்தது.

அன்று அவள் போனில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, வாசகர்களுக்கு விடைபெறும் குறிப்பு. இன்னொன்று, கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளருக்கு அனுப்புகிற வழக்கமான செய்தி. இரண்டையும் எழுதி வைத்து, நகலெடுத்து ஒட்டினாள். கண்ணில் தண்ணீரோடு ஒட்டியிருக்கிறாள் போலிருக்கிறது. அன்று முழுக்க அதற்குப் பிறகு அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், படிக்கிற கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தவர். போனை என் முன்னால் நீட்டினார்.

"என்னம்மா இது, எனக்கு ஒண்ணும் புரியல."

படித்தேன். 'இத்தனை நாள் என்னோடு வந்ததற்கு நன்றி. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேப்டனைக் கடலிலேயே விட்டுவிடுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.'

"கண்ணாடி செய்ய முடியலன்னா நேராச் சொல்லலாம்ல. நான் வேற கடை பார்த்துக்கறேன். ஆனா யாரையும் கடல்ல விடவேணாம்னு சொல்லும்மா" என்றார் அவர். முகத்தில் உண்மையான கவலை.

அவரை உட்காரவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, பின்னறைக்கு ஓடினேன். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குறிப்பு இவருக்கு வந்திருக்கிறது என்றால், இவருக்கு வரவேண்டியது எங்கே போயிருக்கும்? தளத்தைத் திறந்தோம். நாலு மாதம் கழித்து உப்புக்காற்று வெளியிட்ட புதிய அத்தியாயம் இதுதான்: 'வணக்கம். உங்கள் கண்ணாடி தயார். ரசீதோடு வந்து பெற்றுக்கொள்ளவும். ஞாயிறு விடுமுறை.'

அதன் கீழே ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

குடைக்கம்பி ஆரம்பித்து வைத்திருந்தார்: "கேப்டனுக்குக் கண்ணு மங்கிடுச்சு. அதனாலதான் விளக்கு தெரியல. கௌரவம் பார்த்து யார்கிட்டயும் சொல்லல." பாதித்தூக்கம்: "அந்த ரசீது கப்பல் சமையல்காரர்கிட்ட இருக்கு. அவர்தான் ரகசியமா ஆர்டர் கொடுத்திருக்கார்." ஈரத்துண்டு: "ஞாயிறு விடுமுறையாம். அப்போ சனிக்கிழமைக்குள்ள கப்பல் கரைக்கு வந்தாகணும். ஐயோ, பாறை இருக்கே."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாக அவளுக்குக் கிடைக்காத காரணம் அங்கே கிடந்தது. அதுவும் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறவளுக்குத் தோன்றாமல் போனதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பேசாம இதையே பிடிச்சுக்கோ. தெரிஞ்சுதான் போட்டேன்னு எழுது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"நம்பி இவ்வளவு தூரம் யோசிச்சிருக்காங்கடீ. அவங்ககிட்டயே பொய் சொல்லிட்டு எப்படி எழுதறது?"

"சொன்னா, நம்மள முட்டாளாக்கிட்டாளேன்னு அத்தனை பேரும் போயிடுவாங்க."

"போனா போகட்டும்" என்றாள். அவளுக்குப் பேச வேறு யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். கடைச் செய்தி தவறி வந்துவிட்டது, உண்மையில் போடவிருந்தது விடைபெறும் குறிப்பு, அது ஒரு தபால்காரருக்குப் போய்விட்டது என்று எல்லாவற்றையும் சொன்னாள். போனை ஓரமாகக் குப்புற வைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டாள். நான் வேலையைப் பார்க்காமல் அங்கேயே நின்றேன். முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டார், காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. நான்தான் எடுத்துப் படித்தேன்.

பாதித்தூக்கம் எழுதியிருந்தாள்: "தெரியும் அக்கா. எங்க கேப்டன் எப்பக்கா ஞாயித்துக்கிழமை லீவு விட்டாரு?"

ஈரத்துண்டு: "பார்த்ததும் எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. தனியாப் பேசி முடிவு பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சோம். இந்த ரசீது ஐடியாவுக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை வேற."

"தெரிஞ்சும் எதுக்காம் இதெல்லாம்?" என்று அக்கா மெஷினைப் பார்த்தபடியே கேட்டாள்.

அடுத்தது குடைக்கம்பி. அதை நான் சத்தமாகப் படித்தேன். "நாலு மாசமா மூடின கதவுக்கு வெளியில நின்னுட்டு இருந்தோம். திடீர்னு திறந்துச்சு. தப்பாத் திறந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. அதைச் சொன்னா மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி மூடிடுவீங்க. அதான் ஆளுக்கு ஒரு காலை உள்ள வச்சோம். சட்டை யாரு பெத்த பிள்ளைக்கா இருந்தா என்ன, போட்டுக்கிட்டவனுக்குக் குளிரலையே."

அக்கா மெஷினை நிறுத்தினாள். அழுதாள். நானும் அழுதேன். கதை படிக்காதவள் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. முதலாளி பின்னறைக்கு வந்து எட்டிப் பார்த்து, எங்கள் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அடியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அந்தப் பெயரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவருடையதும் இல்லை.

"இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதினதில்ல. போயிடாதீங்க."

அக்கா அதைப் படித்துவிட்டு, எதிரில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொன்னாள்.

"போகலப்பா. இங்கதான் இருக்கேன்."