பித்தளைக் கண்ணாடியும் கிழக்கு வேலியும்

கரவெட்டியில் முதன்முதலாகக் கமராவுக்கு லென்ஸ் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. வயது மட்டும் சரி, மிச்சம் பொய். லென்ஸைப் பொறுக்கியவர் என் ஐயாவின் தம்பி, என் குஞ்சியப்பு. நான் பக்கத்தில் நின்று இனிப்புச் சூப்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பை மூன்று தரம் படித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

நில அளவைக் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவர், மரப்பெட்டிக் கமரா ஒன்றையும் மூன்று கால் தாங்கியையும் குஞ்சியப்புவுக்கு மலிவாய்க் கொடுத்தார். முன்பலகையில் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. "உது கழட்டிப் பூட்டுறது, தம்பி. உமக்குப் பிடிச்சதை வாங்கிப் போடலாம்" என்று, இல்லாததையே ஒரு வசதியாகச் சொல்லி விற்றுவிட்டார் மனிதர். குஞ்சியப்புவும் வசதி என்றே நம்பினார். ஐயா ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, "கோழி அடைக்கலாம்" என்றார்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் மூன்று லென்ஸ்கள் கிடந்தன. ஒன்று சின்னது. கிட்ட நின்றாலும் ஒரு வீட்டையே உள்ளே இழுத்துப் போடுமாம். விலையைக் கேட்டதும் குஞ்சியப்பு சூடு பட்டவர் மாதிரி அதைக் கீழே வைத்தார். அடுத்ததற்குள் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மூன்றாவது பித்தளை. நீளத்திலும் கனத்திலும் ஒரு செம்பு தேறும். விலையோ சின்னதில் பாதி.

"இவ்வளவு பெரிசு, ஏன் மலிவு?" என்று கேட்டார் குஞ்சியப்பு.

"உது முகம் எடுக்கிறதுக்கு, தம்பி. முகம் சிலை மாதிரி விழும். ஆனால் நாலு பேரை நிப்பாட்டி எடுக்கிறதெண்டால் நல்லாப் பின்னுக்குப் போகவேணும். அதுக்கு இடம் வேணும்."

"எங்கடை ஊரிலை இடத்துக்கோ பஞ்சம்?"

எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். துண்டு துண்டாய்ப் பிரித்த காணி. ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கமும் கதியால் கம்பு நட்டு, கிடுகு கட்டிய வேலி. அந்தக் கதியால்களும் மாரிக்கு மாரி அரை அடி நடந்து அடுத்தவன் காணிக்குள் போகும். குஞ்சியப்பு அதையெல்லாம் நினைக்கவில்லை. பாத்திரம் வாங்குகிறவர் மாதிரி ஒரு கையில் சின்னதையும் மறு கையில் பித்தளையையும் வைத்துக் கனம் பார்த்தார். "பெரிசுதான் வடிவு" என்று நானும் சொன்னேன். அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் என் பங்கு.

முதலில் எங்கள் மாட்டை எடுத்தார். கிணற்றடி மட்டும் பின்னுக்குப் போயும் மாட்டின் தலைதான் உள்ளே வந்தது. "சிலை மாதிரித்தான் விழுந்திருக்கு" என்று ஐயா பாராட்டினார்.

அந்தக் கிழமையே பக்கத்து வளவுப் பெரியவர் செத்துப்போனார். அவருடைய ஒரே மகன் மலாயாவில், ரெயில்வேயில் வேலை. தந்தி கிடைத்து அவன் கப்பல் ஏறி வருவதற்குள் காடாற்றும் முடிந்துவிடும். பெரியவரின் மனைவி குஞ்சியப்புவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, என்ரை பிள்ளை தேப்பன்ரை முகத்தை ஒருக்காப் பாக்கட்டும். ஆர் ஆர் வந்து நிண்டதெண்டும் தெரியட்டும். எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுத்துத் தாரும்."

பட்டணத்து ஸ்ரூடியோக்காரர் வந்து சேரப் பொழுது பட்டுவிடும். பொழுது பட முதல் பிரேதம் எடுக்க வேண்டும். ஆகவே குஞ்சியப்புவை விட்டால் ஆள் இல்லை. நான் தாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

முற்றத்துப் பந்தலின் கீழே பெரியவர் கிடந்தார். சுற்றி முப்பது பேருக்குக் குறையாது. குஞ்சியப்பு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பெரியவரின் தலை தெரிந்தது, அவ்வளவுதான். பின்னுக்குப் போனார். நெஞ்சு மட்டும் தெரிந்தது. இன்னும் போனார். முதுகு கிழக்கு வேலியில் முட்டியது. பிரேதமும் பக்கத்தில் ஆறு பேரும் தெரிந்தார்கள். அதற்கு மேல் வேலி விடவில்லை.

"கொஞ்சப் பேரைக் குறைச்சால்..." என்று இழுத்தார்.

"ஆரைக் குறைக்கப் போறீர்?" என்று முன்னுக்கு வந்தார் பெரியவரின் மருமகன். "என்னையோ? பொம்பிளை எடுத்தவன் நான். படத்திலை இல்லையெண்டால் மச்சான் என்ன நினைப்பான்?"

அவர் சொல்லி முடிக்க முதல் எல்லோரும் நடுவுக்கு நெருங்கி வந்துவிட்டார்கள். நான் குஞ்சியப்புவின் காதில், "சின்னதை வாங்கியிருக்கலாம்" என்றேன். என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவரின் கூடப்பிறந்த தம்பியின் வளவு. இந்த வேலிக்காகத்தான் இரண்டு பேரும் கோடேறி வழக்காடி, கதை பேச்சை நிறுத்தினார்கள். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. பறைமேளம் காலையிலிருந்து கேட்டும் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பெரியவரின் மனைவி வேலியைப் பார்த்தார், குஞ்சியப்புவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ சின்னன். உன்னை ஒண்டும் செய்யார். போய்க் கேள்."

வேலியில் நாய் போகும் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனேன். தம்பிக்காரர் மாட்டுக் கொட்டிலில், செத்தவீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

"அப்பு, குஞ்சியப்பு படம் எடுக்கிறார். ஆக்கள் அடங்கினமில்லை. கமராவைப் பின்னுக்குக் கொண்டரவேணுமாம். வேலியைப் பிரிக்கட்டோ எண்டு கேட்டவை."

"எந்த வேலியை?"

கையால் காட்டினேன். அவர் எழும்பி, கூரையில் செருகியிருந்த கத்தியை உருவினார். நான் பொட்டைத் தேடவில்லை. வேலிக்கு மேலாலேயே பாய்ந்து குஞ்சியப்புவின் காலடியில் விழுந்தேன். "வெட்ட வாறார்!" என்று நான் கத்த, பறையடித்தவரும் கையை நிறுத்தினார்.

வெட்டத்தான் செய்தார், கட்டுக் கயிறுகளை. ஒவ்வொரு கிடுகாய் இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். இரண்டு கதியாலையும் பிடுங்கினார். படலை அளவுக்கு வழி திறந்ததும் தன் காணிக்குள்ளேயே நின்றுகொண்டார். கால் இந்தப் பக்கம் வரவில்லை.

குஞ்சியப்பு கமராவைக் கொண்டுபோய் அவர் வளவுக்குள் நாட்டினார். துணிக்குள் பார்த்துவிட்டு, "எல்லாரும் அடங்கினம்" என்றார்.

"என்ரை காணிக்குள்ளை நிண்டு எடுக்கிறதெண்டால், என்ன தெரியுதெண்டு நான் பாக்கவேணும்" என்றார் தம்பிக்காரர்.

குஞ்சியப்பு துணியைத் தூக்கிப் பிடித்தார். அவர் உள்ளே தலையை விட்டார். பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாய்த் தெரியும். நான் முன்னமே பார்த்திருக்கிறேன். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. வெயில் பந்தலை விட்டு இறங்கியது.

"அண்ணை, வெளிச்சம் போகுது" என்றார் குஞ்சியப்பு மெதுவாக.

அதற்கும் வரவில்லை. நான் அவர் வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். குஞ்சியப்பு என் கையைத் தட்டிவிட்டார். கடைசியில் தம்பிக்காரர் அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எடு" என்று மட்டும் சொன்னார்.

குஞ்சியப்பு மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மூடினார். ஆடாமல் இருந்தவர் பெரியவர் ஒருவர்தான். மருமகனுக்கு இரண்டு மூக்கு. ஆனாலும் படம் மலாயாவுக்குப் போனது. அங்கே மகன் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதாகக் கடிதம் வந்தது.

அன்றைக்குப் பிரேதம் சுடலைக்குப் போன பிறகு, கமராவை எடுத்து வர அந்த வளவுக்குப் போனோம். தம்பிக்காரர் உடுத்த வேட்டியோடு கிணற்றடியில் நின்று, ஓலைப் பட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். செத்தவீட்டுக்கே போகாத மனிதர். பகலில் அவர் கண் சிவந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கறுப்புத் துணிக்குள் அப்படி வெக்கை. குஞ்சியப்புவுக்குப் புத்தி சொன்னேன்.

"இனி வெள்ளைத் துணி போடுங்கோ. பாவம், அந்த மனிசன் அவிஞ்சு போச்சுது."

குஞ்சியப்பு குட்டவில்லை. துணியை எடுத்து மடித்தார். ஓரம் ஈரமாய் இருந்தது. வேர்வை என்று நான் மூக்கைச் சுளித்தேன். அவர் அதை என்னிடம் தராமல் தன் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் திரும்பி...

"இஞ்சாருங்கோ! ஆடு கட்டறுத்துக்கொண்டு ஓடுது. உதிலை குந்தியிருந்து ஆருக்குக் கதை அளக்கிறியள்?"

என்ரை மனிசி கூப்பிடுறா. வாறனப்பா, வாறன்.